கருவிலி வேண்டாம், வேறு சொல் கொடுங்கள்

அனுப்பியவர்: ஈசூன் வாத்தியார்

சிங்கப்பூர்ச் சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை என் வீட்டில் துணைப்பாட வகுப்பு. உயர்நிலை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர். பாடம், செல். பள்ளியில் அறிவியல் ஆங்கிலத்தில்தான், நானும் ஆங்கிலத்தில்தான் நடத்துவேன். அன்று நல்ல மழை. ஒரு பையனைக் கூட்டிவந்த பாட்டி திரும்பிப் போக முடியாமல் கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "என்னத்தத்தான் சொல்லிக் குடுக்கிற, எனக்கும் புரியிற மாதிரி சொல்லேன் தம்பி" என்றார். சரி என்று தமிழுக்கு மாறினேன்.

முக்கால் மணி நேரம் தங்குதடையில்லை. 1665இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலை நுண்ணோக்கியில் பார்த்தது, தேனடை மாதிரி அறை அறையாகத் தெரிந்ததால் லத்தீனில் சிற்றறை என்று பொருள்படும் சொல்லை வைத்தது, அவர் பார்த்தது செத்த செல்லின் வெறும் சுவர்தான் என்பது எல்லாம் பாட்டிக்குப் பிடித்திருந்தது. "குடி போன வீட்டப் பாத்துட்டுப் பேரு வச்சிட்டானா" என்றார். செல்சுவர் செடிக்கு உண்டு, நமக்கில்லை. சவ்வு எல்லாருக்கும் உண்டு. பசுங்கணிகம் இருந்தால் வெயிலில் சமைத்துக்கொள்ளலாம். இதற்கெல்லாம் தமிழ் தானாக வந்தது.

அடுத்தது வகை. உலகத்துச் செல்களை உள்கட்டமைப்பை வைத்து இரண்டாகப் பிரிக்கிறோம்: பாக்டீரியா போன்றவற்றின் புரோகேரியோட் செல், நம்முடையதும் செடி, காளான், அமீபாவுடையதும் ஆன யூகேரியோட் செல். விக்கிப்பீடியாவில் 'நிலைக்கருவிலி' என்றும் 'மெய்க்கருவுயிரி' என்றும் இருக்கிறது. நான் சுருக்கமாக 'கருவிலி' என்று சொல்லிவைத்தேன். பேரன் கையைத் தூக்கினான். "சார், சிவப்பணுவுக்கும் நியூக்ளியஸ் இல்லையே. அப்ப அதுவும் பாக்டீரியா வகையா?"

பையன் கேட்டது நியாயம். முதிர்ந்த மனிதச் சிவப்பணுவில் உட்கரு, அதாவது நியூக்ளியஸ், கிடையாது. எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது இருக்கும், இரத்தத்துக்குள் வருவதற்கு முன்னால் அதை வெளியே தள்ளிவிடும். பிறகு சுமார் 120 நாள் உட்கரு இல்லாமலே ஓடி முடிந்துபோகும். அதற்காக அது பாக்டீரியாவாகிவிடாது. ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் அவனுக்கு இந்தக் குழப்பம் வந்திருக்காது, ஏனென்றால் புரோகேரியோட் என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. தமிழில் சொன்னதும் சொல்லைப் பிரித்துப் பார்த்துவிட்டான். நம் சொல் புரிகிற சொல்லாக இருப்பதால் அது சொல்கிற பொய்யும் உடனே புரிந்துவிடுகிறது.

ஆகவே குழுவிடம் கேட்கிறேன். 'இல்லை' என்பதை வைத்துப் பெயரிடாத ஒரு இணைச்சொல் வேண்டும். உயர்நிலை மாணவன் வாயில் நுழைய வேண்டும். பாட்டிக்கும் பாதியாவது புரிய வேண்டும்.

(செல்லா, உயிரணுவா, கலமா என்ற பழைய சண்டையைத் தயவுசெய்து இங்கே திறக்க வேண்டாம். போன வருடம் அதில் ஒரு மாதம் போயிற்று.)

---

அனுப்பியவர்: தோ பாயோ ஐயா

வாத்தியாருக்கு,

சொல் ஆக்குமுன் மூலத்தைப் பார்ப்பது என் வழக்கம். கிரேக்கத்தில் 'கரியோன்' என்றால் கொட்டை, கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. நியூக்ளியஸ் என்ற லத்தீனும் அதே பொருள்தான். ராபர்ட் பிரௌன் 1831இல் ஆர்க்கிட் செடியின் செல்களில் நடுவே ஒரு புள்ளியைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தார். நம் தேசிய மலரும் ஆர்க்கிட் என்பதால் இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆக, அவர்கள் கொட்டை என்றார்கள், நாம் அதைக் 'கரு' என்று ஆக்கிக்கொண்டோம். தமிழில் கருவுக்கு வேலை அதிகம். வயிற்றில் வளர்வது கரு, முட்டைக்குள் மஞ்சள்கரு, அணுவுக்குள் அணுக்கரு, சிறுகதைக்குக்கூடக் கதைக்கரு. கொட்டைக்கு நம்மிடம் அருமையான பழஞ்சொல் ஒன்று சும்மா கிடக்கிறது: காழ். விதை, மரத்தின் வைரம், உள்ளே இறுகிய பகுதி எல்லாம் காழ். தொல்காப்பிய மரபியல் தாவரங்களையே காழ் எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் பிரிக்கிறது. வெளியே வைரம் பாய்ந்த தென்னை, பனை, மூங்கில் புறக்காழ், அவை புல். உள்ளே வைரம் பாய்ந்தவை அகக்காழ், அவை மரம். உயிரைக் கட்டமைப்பால் வகைப்படுத்தும் மரபு நம்மிடம் இருக்கும்போது, 'காழுடைச் செல்', 'காழில் செல்' என்று ஏன் சொல்லக்கூடாது?

---

அனுப்பியவர்: பிடோக் தாதி அக்கா

ஐயா கோவிச்சுக்காதீங்க. இந்தச் சொல்லை என் பேத்தியைச் சொல்லச் சொன்னேன். "கால் இல்லாத செல்" என்றாள். மூன்று தடவை திருத்தினேன், மூன்று தடவையும் கால்தான். ழகரம் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு வராது என்று நான் சொல்லவில்லை. வரும்போது வரட்டும். அதுவரைக்கும் பாக்டீரியாவுக்குக் காலில்லை என்று ஒரு தலைமுறை படித்துவிடப் போகிறது.

அதோடு 'காழில்' என்பதிலும் 'இல்' உட்கார்ந்திருக்கிறதே. வாத்தியார் 'இல்லை' வேண்டாம் என்றுதானே ஆரம்பித்தார்?

---

அனுப்பியவர்: ஒன் நார்த் தம்பி

அக்கா சொன்னதைப் படித்துவிட்டுப் பேருந்தில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆய்வுக்கூடத்தில் தினமும் பாக்டீரியாவோடு புழங்குகிறவன் என்ற முறையில் பொருள்பக்கம் கொஞ்சம் சொல்கிறேன். சொல் எப்படியிருந்தாலும் இது கெடாமல் இருக்க வேண்டும்.

பாக்டீரியாவில் டிஎன்ஏ இருக்கிறது. தன்னை எப்படிக் கட்டுவது என்ற முழுக் குறிப்பும் அதில்தான் இருக்கிறது. பெரும்பாலும் ஒரே வளையம், செல்லின் நடுப்பகுதியில் ஒரு திரளாகக் கிடக்கும். அந்தத் திரளைச் சுற்றிச் சவ்வு இல்லை, அதுதான் முக்கிய வேறுபாடு. அதனால் அங்கே குறிப்பைப் படியெடுக்கும்போதே பக்கத்தில் ரைபோசோம் புரதம் கட்ட ஆரம்பித்துவிடும். நம் செல்லில் அப்படி முடியாது. உட்கருவுக்கு இரட்டைச் சவ்வு உண்டு, அதில் துளைகள் உண்டு. படியெடுத்தது அந்தத் துளை வழியாக வெளியே வந்த பிறகுதான் ரைபோசோமின் கைக்குக் கிடைக்கும். இடையில் வெட்டி ஒட்டித் திருத்த நேரம் கிடைக்கிறது. யூகேரியோட்டின் சிக்கலான வாழ்க்கைக்கு இந்தச் சவ்வு ஒரு முக்கியமான காரணம்.

அளவிலும் வித்தியாசம் உண்டு. சாதாரண பாக்டீரியா ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர், நம் செல்கள் பெரும்பாலும் 10 முதல் 100 வரை. ஆனால் அளவை வைத்துப் பெயர் வைக்க வேண்டாம், விதிவிலக்கு நிறைய.

சிவப்பணு விஷயத்தில் இன்னொன்று. நம்மைப் போன்ற பாலூட்டிகளுக்குத்தான் அது உட்கரு இல்லாமல் ஓடுகிறது. கோழியின் சிவப்பணுவில் உட்கரு உண்டு, தவளைக்கும் மீனுக்கும் உண்டு. 'கருவிலி' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால் கோழி ஒரு பக்கம், கோழிக்கறி சாப்பிடுகிறவர் மறுபக்கம் என்று ஆகும்.

ஆங்கிலத்துக்காரர்களுக்கும் இந்தச் சொல்மேல் சந்தோஷம் இல்லை. 1925இல் எதுவார் ஷாத்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் இந்த இணையை எழுதினார், 1962இல் ஸ்டேனியரும் வான் நீலும் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் அது ஊரெல்லாம் பரவியது. 1977இல் கார்ல் வோஸ் வந்து, நீங்கள் பாக்டீரியா என்று ஒரே மூட்டையில் கட்டியவற்றில் இன்று ஆர்க்கியா எனப்படும் தனிக் குலமே இருக்கிறது என்று காட்டினார். 2006இல் நார்மன் பேஸ் அந்தச் சொல்லையே விட்டுவிடுங்கள் என்று எழுதினார். 'புரோ' என்றால் முன்பு. உட்கருவுக்கு முந்தியது என்று பெயர் வைத்தால் பாக்டீரியா என்னவோ நாமாக ஆவதற்குக் காத்திருப்பதுபோல் ஆகிறது.

---

அனுப்பியவர்: ஈசூன் வாத்தியார்

தம்பிக்கு நன்றி. நீங்கள் சொன்னதிலிருந்து எனக்கு ஒன்று தோன்றியது. வேறுபாடு கருவில் இல்லை, அறையில் இருக்கிறது. பாக்டீரியா ஓரறை வாடகை வீடு: சமையல், படுக்கை, பத்திரம் வைக்கும் பெட்டி எல்லாம் ஒரே இடம். நம் செல் ஐந்தறை வீடு: உட்கருவுக்கு ஓர் அறை, ஆற்றல் எடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஓர் அறை, கழிவை உடைக்கும் லைசோசோமுக்கு ஓர் அறை. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? 'ஓரறைச் செல்', 'பல்லறைச் செல்'. எப்படி?

---

அனுப்பியவர்: சிராங்கூன்

வணக்கம். நான் யாழ்ப்பாணத்திலை படிச்சனான், எங்கட புத்தகத்திலை செல்லுக்குக் கலம் எண்டுதான் இருந்தது, மைட்டோகாண்ட்ரியாவுக்கு இழைமணி. இழைமணி எண்ட சொல்லை நான் இண்டைக்கும் விடமாட்டன். கிரேக்கத்திலையும் இழை, மணி எண்டுதான் பொருள், அதைவிட வடிவான மொழிபெயர்ப்பு வேறை இல்லை.

ஆனா வாத்தியார் சொன்ன ஓரறை சரிவராது. சிலபேர் செல்லையே கண்ணறை எண்டு எழுதினம். அப்ப ஓரறை எண்டால் ஒரு செல் உயிரி எண்டுதான் வாசிப்பினம். அமீபா ஒரு செல் உயிரி, ஈஸ்ட் ஒரு செல் உயிரி, ரெண்டும் உங்கட பல்லறைப் பக்கம். பிள்ளை சோதனையிலை கட்டாயம் பிழை விடும்.

---

அனுப்பியவர்: ஈசூன் வாத்தியார்

ஒப்புக்கொண்டேன். வாபஸ். (மூவறை வீட்டில் படுக்கையறை இரண்டுதான் என்று என் மனைவி வேறு ஞாபகப்படுத்தினார். அறை எண்ணிக்கையை நம்பி இந்த ஊரில் எதையும் விளக்க முடியாது.)

---

அனுப்பியவர்: தோ பாயோ ஐயா

காழைக் கைவிட்டேன், வருத்தத்தோடு. பேத்தி சொன்னதில் பிழை அவளுடையது அல்ல, புழக்கத்தில் இல்லாத சொல்லைத் தூக்கிக்கொண்டு வந்த என்னுடையது.

தம்பி சொன்னதில் எனக்கு உறைத்தது ஒன்று: கரு இரண்டிலும் உண்டு, ஒன்றில் பொதிந்திருக்கிறது. அப்படியானால் 'பொதிகரு'. பொதி என்பது நமக்குத் தெரிந்த சொல். தேக்கா கடையில் சாதத்தை இலையில் வைத்துச் சுருட்டி நூல் கட்டிக் கொடுத்தால் அது பொதி. இலையில் பரிமாறினால் பொதி அல்ல. சாதம் இரண்டிலும் சாதம்தான்.

இதில் இலக்கணம் ஒரு வேலை செய்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பொதிகரு வினைத்தொகை. ஊறுகாய் மாதிரி. ஊறின காய், ஊறுகிற காய், ஊறும் காய், மூன்றையும் ஒரே சொல் தாங்கும். காலம் உள்ளே மறைந்து நிற்கும். இப்போது சிவப்பணுவைப் பாருங்கள். மஜ்ஜையில் இருந்தபோது அதற்குக் கரு பொதிந்திருந்தது. இறந்தகாலம். கல்லீரல் செல்லில் இப்போது பொதிந்திருக்கிறது. நிகழ்காலம். எதிர்காலத்துக்கு எடுத்துக்காட்டுக் கிடைக்குமா என்று தம்பியைக் கேட்கிறேன்.

---

அனுப்பியவர்: ஒன் நார்த் தம்பி

ஐயா, கிடைக்கும்! நம் செல் இரண்டாகப் பிரியும்போது நடுவழியில் உட்கருவின் சவ்வு கலைந்துபோகும். குரோமோசோம்கள் வெளியே திறந்து கிடக்கும். இரண்டு பக்கமும் இழுக்கப்பட்ட பிறகு ஒவ்வொரு பங்கைச் சுற்றியும் சவ்வு மறுபடி கட்டப்படும். அந்த இடைவேளையில் நுண்ணோக்கியில் பார்த்தால் உட்கருவே இல்லை என்றுதான் சொல்லத் தோன்றும். பொதியும் கரு.

இந்தச் சொல்லை யாரும் மாற்றக்கூடாது. வேண்டுமானால் மறுபாதிக்குச் சண்டை போடுவோம்.

---

அனுப்பியவர்: சிராங்கூன்

மறுபாதிக்கு 'விரிகரு'? அதுவும் வினைத்தொகை. ஓசையும் பொருந்துது.

---

அனுப்பியவர்: ஒன் நார்த் தம்பி

ஓசை நன்றாகத்தான் இருக்கிறது அண்ணே, பொருள்தான் உதைக்கிறது. விரிந்து கிடக்கவில்லை. ஈ. கோலை பாக்டீரியாவின் டிஎன்ஏவில் சுமார் 46 லட்சம் எழுத்து இணைகள். நீட்டினால் ஒன்றரை மில்லிமீட்டர் வரும். செல்லின் நீளமோ இரண்டு மைக்ரோமீட்டர். எழுநூறு மடங்குக்கு மேல் நீளமான நூலை முறுக்கி முறுக்கி உள்ளே அடைத்திருக்கிறது. அதைப் போய் விரிகரு என்றால் பாவம், அது அவ்வளவு சிரமப்பட்டு மடித்ததற்கு என்ன மரியாதை?

---

அனுப்பியவர்: ஈசூன் வாத்தியார்

நேற்று இரவு குப்பை கொட்டக் கதவைத் திறந்தேன். வாசலில் காலணி அடுக்கு. எங்கள் புளோக்கில் எல்லார் வாசலிலும் இருக்கும். அக்காவுடைய பேத்தியின் 'கால் இல்லாத செல்' நினைவுக்கு வந்தது. கால் இல்லாமல் யாரும் வீட்டுக்குள் போகவில்லை. செருப்பில்லாமல் போகிறார்கள். அதற்கு நாம் என்ன சொல்கிறோம்? வெறுங்கால்.

வெறுங்கால் என்றால் கால் இல்லை என்று எந்தத் தமிழ்ப் பிள்ளையும் நினைக்காது. கால் இருக்கிறது, மேலே ஒன்றும் போடவில்லை. அதே மாதிரி 'வெறுங்கரு'. கரு இருக்கிறது, மேலே சவ்வு இல்லை. வெறுங்கரு செல், பொதிகரு செல்.

நேற்றே வகுப்புப் பிள்ளைகள் இருவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பிக் கேட்டேன். வாயில் நுழைகிறதாம். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்கும் பசுங்கணிகத்துக்கும் சொந்தமாக டிஎன்ஏ இருக்கிறது அல்லவா? அதைச் சுற்றியும் உட்கரு மாதிரி தனிச் சவ்வு கிடையாது. ஒரு காலத்தில் தனியாகத் திரிந்த பாக்டீரியாக்கள் இன்னொரு செல்லுக்குள் குடிவந்து தங்கிவிட்டதால் வந்தது அது என்று லின் மார்குலிஸ் 1967இல் எழுதியபோது பலர் ஏற்கவில்லை, இன்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. பிள்ளைகளுக்கு இதை விளங்கவைக்க நான் திண்டாடுவேன். இனி ஒரே வரி: பொதிகரு செல்லுக்குள் குடியேறிய வெறுங்கரு. வந்த விருந்தாளி வந்தபடியே வெறுங்காலோடு இருக்கிறார்.

---

அனுப்பியவர்: பிடோக் தாதி அக்கா

நல்ல சொல். ஆனாலும் ஒரு தயக்கம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

முப்பது வருடம் தாதியாக இருந்தவள் நான். தமிழ் மட்டும் தெரிந்த பெண்களுக்கு ஸ்கேன் அறையில் மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். கர்ப்பப்பையில் பை மட்டும் வளர்ந்து உள்ளே பிள்ளை உருவாகாமல் போகிற நிலை உண்டு. அதை ஒரு பெண்ணிடம் சொல்ல வேண்டி வந்தால் வாயில் வருவது 'கரு வெறுமையா இருக்கும்மா' என்பதுதான். அந்த அறையில் கரு என்றால் ஒரே ஒரு அர்த்தம். அங்கே காதில் விழக்கூடிய சொல்லை நீங்கள் பாக்டீரியாவுக்கு வைக்கிறீர்கள்.

வேண்டாம் என்று சொல்லவில்லை. யோசியுங்கள் என்கிறேன்.

---

அனுப்பியவர்: தோ பாயோ ஐயா

அக்காவின் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கருவுக்கு வேலை அதிகம் என்று நான் முதலில் எழுதியபோது சொற்சிக்கனம்தான் மனதில் இருந்தது, இது இல்லை.

'வெறும் உட்கரு' என்று மாற்றலாமா என்று பார்த்தேன். நீண்டு, வெறுங்காலின் பலம் போய்விடுகிறது. என் கருத்து: இந்தச் சொல்லை ஒருபோதும் தனியாக எழுதக்கூடாது. 'வெறுங்கரு செல்', 'வெறுங்கரு உயிரி' என்று வால் இருக்க வேண்டும். நம் சொற்பட்டியலிலும் அப்படியே ஏற்ற வேண்டும், தலைச்சொல்லாகத் தனியே போடக்கூடாது. 'பொதிகரு'வுக்கும் அதே விதி.

---

அனுப்பியவர்: பிடோக் தாதி அக்கா

வாலோடு என்றால் எனக்குச் சரி ஐயா.

---

அனுப்பியவர்: ஒன் நார்த் தம்பி

சொல் முடிவானதும் ஒரு கல்லை எறிகிறேன், மன்னிக்கவும். ஞாயிற்றுக்கிழமை சுங்கை பூலோவுக்கு நடக்கப் போயிருந்தேன். சதுப்புநிலக் காட்டில் தண்ணீருக்குள் அழுகிக் கிடக்கிற இலைகளைப் பார்த்ததும் இது நினைவுக்கு வந்தது. கரீபியக் கடலில் குவாடலூப் தீவின் சதுப்புநிலக் காட்டில் இப்படி மூழ்கிய இலைகளின் மேல் வெள்ளை நூல் மாதிரி ஒன்று வளர்கிறது. கண்ணாலேயே பார்க்கலாம், ஒரு சென்டிமீட்டர் நீளம், சில இரண்டு சென்டிமீட்டர் வரை. 2022இல் வெளியான ஆய்வில் அது ஒற்றை பாக்டீரியா செல் என்று காட்டினார்கள். பெயர் தையோமார்கரிட்டா மேக்னிஃபிகா. அளவை வைத்துப் பெயர் வைக்க வேண்டாம் என்றது இதனால்தான்.

சிக்கல் அளவில் இல்லை. அதன் டிஎன்ஏ சும்மா கிடக்கவில்லை. சவ்வு போட்ட சின்னச் சின்னப் பைகளுக்குள் இருக்கிறது. அந்தப் பைகளுக்கு 'பெப்பின்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பிரெஞ்சில் பழத்துக்குள் இருக்கும் சிறுவிதை. ஐயாவுடைய காழ் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது! ஆனால் அந்தப் பைக்குள் ரைபோசோமும் இருக்கிறது, ஆகவே அது நம் உட்கரு மாதிரி அல்ல. குலத்தால் அது பாக்டீரியாதான். வெறுங்கரு செல் என்று சொன்னால் சரியா?

---

அனுப்பியவர்: ஈசூன் வாத்தியார்

தம்பி, இந்தக் கேள்வியை அப்படியே இன்று வகுப்பில் வைத்தேன். இரட்டைச் சவ்வு, துளை, ரைபோசோம் வெளியே, இத்தனையும் சேர்ந்தால்தான் செருப்பு. இதற்குப் பை மட்டும் இருக்கிறது, உள்ளேயே ரைபோசோமும் இருக்கிறது, இதை எந்தப் பக்கம் போடுவீர்கள் என்று கேட்டேன். மூன்று பேர் முழித்தார்கள். சிவப்பணுவைப் பிடித்துக் கேட்டானே, அந்தப் பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்:

"அது வெறுங்கால்தான் சார். சாக்ஸ் மட்டும் போட்டிருக்கு."